நைனா சொல்லாத வார்த்தை

எட்டாம் வகுப்பு இங்கிலீஷில் எறும்புகளைப் பற்றி ஒரு பாடம். முதல் பத்தியிலேயே, எறும்புகள் காலனியாக வாழ்கின்றன என்று வரும். புதுப்பட்டினத்தில் நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் போன மாதம் அதை நடத்தினேன். மீனவர் குப்பத்திலிருந்து வருகிற ஒரு பெண் எழுந்து நின்றாள். "மிஸ், காலனின்னா எஸ்.சி. ஆளுங்க கீற எடம்தானே? எறும்புல கூடவா மிஸ்?" என்றாள்.

வகுப்பே சிரித்தது. அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே சந்தேகம். அவளுக்கு அந்தச் சொல் அந்த ஒரு அர்த்தத்தில்தான் தெரியும். எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். டீச்சர் எந்த இடத்து ஆள் என்று அவளுக்குத் தெரியாது, சிரித்த மற்றவர்களுக்கும் தெரியாது. சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன். அப்படி ஒரு கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அப்புறம் திரும்பி வந்து அந்தச் சொல்லின் கதையைச் சொன்னேன். எனக்கு அது தலைகீழ்ப் பாடம். லத்தீனில் 'கோலெரே' என்று ஒரு வினைச்சொல். நிலத்தை உழுது பயிர் வைப்பது என்று அர்த்தம். ஓரிடத்தில் தங்கிக் குடியிருப்பதும், ஒன்றைப் பேணிப் போற்றுவதும் அதே சொல்லுக்குள் அடக்கம். கல்ச்சர் கல்ச்சர் என்று பீற்றிக்கொள்கிறோமே, அதுவும் அங்கேயிருந்து வந்ததுதான். உழுகிறவன் 'கொலோனுஸ்'. அவன் இருக்கிற இடம் 'கொலோனியா'. ரோமாபுரிக்காரர்கள் ஜெயித்த நாடுகளில் தங்கள் பழைய சிப்பாய்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். அந்தக் குடியிருப்புக்கும் கொலோனியா என்றே பேர். போகப்போக கொலோனுஸ் என்றாலே நிலத்தோடு கட்டிப்போட்ட ஆள் என்று ஆகிவிட்டது. நிலத்தை விட்டு அவன் எங்கேயும் போகக்கூடாது என்று சட்டமே வந்தது. பிற்பாடு கப்பலேறிப் போனவன் பிடித்த நாடெல்லாம் காலனி. அப்புறம் எறும்புக்கும் கிருமிக்கும் கடல்பறவைக்கும்கூட காலனி.

எறும்போடு நிறுத்திக்கொண்டேன். கவர்மென்ட் எங்கள் ஜனங்களுக்கு ஊருக்கு வெளியே தொகுப்பு வீடு கட்டிக் கொடுத்து அதற்கு அந்தப் பேரை வைத்த கதைக்குப் போகவில்லை. அந்தப் பெண் உட்காராமல் நின்றபடியே கேட்டாள். "அப்ப அது நல்ல வார்த்தையா மிஸ்?"

நைனாவும் இதையேதான் கேட்டார்.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவருடைய அப்பா கல்பாக்கத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில் உள்ள ஊரில் அடுத்தவன் நிலத்தில் படியாளாக இருந்து செத்தார். படியளந்தால் சாப்பாடு, இல்லாவிட்டால் இல்லை. அந்த வீட்டிலிருந்து ஐ.டி.ஐ. படித்து, ஸ்டாஃப் பஸ் ஏறி வேலைக்குப் போன முதல் ஆள் நைனா. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். அங்கே பக்கத்து வீட்டில் மலையாளி, எதிர் வீட்டில் பெங்காலி. எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டால் கல்பாக்கம் என்று சொன்னால் போதும், யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டி வந்தது. புதுப்பட்டினத்தில் ஒரு மனை வாங்கி வீடு கட்டத்தான் நைனாவுக்கு ஆசை. போய்ப் பார்த்தார். மனை காட்டுகிறவன் மோர் கொடுத்து உட்கார வைத்து, சொந்த ஊர் எது என்று கேட்பான். சொன்னதும் அடுத்த கேள்வி வரும். "ஊரா, காலனியா?"

எங்கள் ஜில்லாவில் இந்த ஒரு கேள்வியில் முழு ஜாதகமும் வந்துவிடும். ஜாதி என்னவென்று யாரும் கேட்பதில்லை, அது அநாகரிகமாம்! ஊரா காலனியா என்று கேட்டுக்கொள்வார்கள், அது நாகரிகம். நைனா பொய் சொல்லத் தெரியாதவர். அதே சமயம் அந்த வார்த்தையை வாயால் சொல்லவும் மாட்டார். "ஏரிக்கு அந்தாண்ட" என்பார். மோர் டம்ளர் காலியாவதற்குள் அந்த மனை ஏற்கெனவே பேசி முடிந்ததாக ஆகிவிடும். இப்படி அலைந்து அலைந்து வெறுத்துப்போய், கடைசியில் ஏரிக்கு அந்தாண்டையே வந்து, தன் அப்பாவின் தொகுப்பு வீட்டை இடித்துவிட்டு மாடி வைத்த வீடாகக் கட்டினார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம். அந்த வார்த்தையை யாரும் சொல்லக்கூடாது. அம்மா சொல்லக்கூடாது, நான் சொல்லக்கூடாது, கல்யாணப் பத்திரிகை கொண்டுவருகிறவன் கவர்மேல் அதை எழுதியிருந்தால் பத்திரிகையை வாங்காமலே திருப்பி அனுப்பிவிடுவார். "அட்ரஸ மாத்தி எழுதிகினு வா, வந்து வாழ்த்தறேன்" என்பார். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் இதனாலேயே எங்கள் வீட்டுக்கு வருவதை விட்டார்கள். ரிட்டையர் ஆன கிறுக்கு என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள்.

எனக்கும் சில சமயம் எரிச்சலாக இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தபோது, அந்தச் சொல் எங்கேயிருந்து வந்தது என்று அவரிடம் சொன்னேன். உழுகிறவன் இருக்கிற இடம் என்று சொன்னேன். பேப்பரை மடித்து மடியில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அப்ப நல்ல வார்த்தைன்றியா?"

"ஆரம்பத்துல நல்ல வார்த்தைதான் நைனா."

"ஆரம்பத்துல எல்லாமேதான் நல்லா கீது" என்றார். ஏரிப் பக்கம் கையைக் காட்டினார். "உழுதவன்னு அர்த்தம்ன்ற. சரி, உழுதோம். தலமுற தலமுறயா உழுதோம். நெலம் எங்க?"

இங்கிலீஷ் எம்.ஏ. படித்து என்ன பிரயோஜனம்? உள்ளே எழுந்து போய் அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன்.

அரசாங்கம் அந்தச் சொல்லை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறது என்று செய்தி வந்தபோது நைனா சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். வேலைக்காகத் தனியாகத் தங்கியிருந்த எனக்கு போன் பண்ணி, "டிவி போடு, டிவி போடு" என்று கத்தினார். எங்கள் தெருவுக்கு என்ன பேர் வைப்பது என்று கூட்டம் போட்டார்கள். தலைவர் பேர் வைக்கலாம் என்று ஒரு கோஷ்டி, சாமி பேர் என்று இன்னொரு கோஷ்டி. சண்டை வேண்டாம் என்று கடைசியில் பூவின் பேர் வைத்தார்கள். முல்லை நகர். எங்கள் தெருவில் முல்லைக்கொடி ஒன்றுகூடக் கிடையாது, வேலிக்காத்தான் முள்தான் உண்டு. நைனா அதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை. மெயின் ரோட்டில் தெரு திரும்புகிற மூலையில் பச்சைக் கலரில் போர்டு நட்டார்கள். தினமும் காலையில் வாக்கிங் போய் அதைத் துணியால் துடைத்துவிட்டு வருவார். சிரிக்காதே என்று அம்மாவை அதட்டியிருக்கிறார்.

போர்டு மாறியது. ஆனால் கண்டக்டர் வாய் மாறவில்லை. கல்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு போகிற பஸ்ஸில் நைனா ஏறி, "முல்லை நகர் ஒண்ணு" என்பார். கண்டக்டருக்கு நைனாவை நன்றாகத் தெரியும்.

"அப்பிடி ஒரு ஸ்டாப்பே கெடையாது பெரியவரே. மெஷின்ல காலனின்னுதான் கீது."

"போர்டு கீதே, கண்ணு தெரியல?"

"போர்டு கீது. மெஷின்ல இல்லியே. நான் இன்னா பண்ணட்டும்?"

"அப்ப அடுத்த ஸ்டாப்புக்குக் குடு."

அடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட் வாங்குவார். "காலனிலாம் எறங்கு" என்று கண்டக்டர் கத்தும்போது, எங்கள் தெரு ஆட்கள் எல்லாம் இறங்குவார்கள், நைனா நேரே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, நிழலுக்கு ஒரு மரம் இல்லாத அந்த ரோட்டில், காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு திரும்ப நடந்து வருவார். ஒருமுறை நானும் கூட இருந்தேன். சித்திரை வெயில். தார் செருப்பில் ஒட்டுகிறது. "யாருக்கு நைனா இதனால நஷ்டம்? கண்டக்டருக்கா?" என்று சத்தம் போட்டேன். "நீ எறங்கியிருக்கலாமே, நான் வேணாம்னேனா?" என்றார். இறங்காமல் அவர் கூடவே வந்தது நான்தான். பையை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

அவருக்கு நெஞ்சில் கோளாறு என்று தெரிந்தபிறகும் இந்த நடையை விடவில்லை. அம்மா அழுதும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள்.

அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் அன்று அங்கேதான் இருந்தேன். அம்மா சர்ச்சில் காலை ஆராதனை முடிந்து வந்து குழம்புக்குக் கூட்டிக்கொண்டிருந்தாள். நைனா ஹாலில் சோபாவில் உட்கார்ந்திருந்தவர், "யம்மா" என்று என்னைக் கூப்பிட்டார். குரலே சரியில்லை. போய்ப் பார்த்தால் பனியன் முழுக்க வேர்வை, இடது கையைத் தூக்க முடியவில்லை. என்னவென்று கேட்கத் தேவையே இல்லை.

எங்கள் தெருவில் ஆட்டோ வைத்திருக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையானால் விடியற்காலையிலேயே மாமல்லபுரத்துக்குச் சவாரிக்குப் போய்விடுவார்கள். கார் வைத்திருக்கிற ஒருத்தனும் யாரையோ ஏற்றிக்கொண்டு திருவிடந்தைக் கோயிலுக்குப் போயிருந்தான். பைக்கில் உட்கார வைக்கிற நிலைமையில் நைனா இல்லை. நான் அவரைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன், அம்மா ஆம்புலன்ஸுக்கு போன் போட்டாள். ஊர் பேரைச் சொன்னாள். அப்புறம், நைனா இத்தனை நாளாகச் சொல்லிக்கொடுத்தபடியே, "முல்லை நகர்" என்று திருத்தமாகச் சொன்னாள்.

காத்திருந்தோம். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து விசிறினார்கள். கொஞ்ச நேரத்தில் ஏரிக்கு அந்தப் பக்கம், மெயின் ரோட்டில் சைரன் கேட்டது. "வந்துட்டான், வந்துட்டான்" என்று அம்மா வாசலுக்கு ஓடினாள். சைரன் கிட்டே வந்தது. ஒரு இடத்தில் நின்றது. மறுபடியும் கிளம்பி, தூரமாகப் போய், கேட்காமல் போயிற்று.

நான் நைனாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பின்னால் விசாரித்தபோதுதான் நடந்தது தெரிந்தது. எங்கள் போர்டின்மேல் யாரோ காதுகுத்து போஸ்டரை ஒட்டியிருக்கிறார்கள். அன்றைக்குப் பார்த்து நைனா வாக்கிங் போகவில்லை, துடைக்கவில்லை. டிரைவர் ஊர் முனையில் டீக்கடையில் வண்டியை நிறுத்தி முல்லை நகர் எங்கே என்று கேட்டிருக்கிறான். "இங்க அப்பிடி எதுவும் இல்லியே. செங்கல்பட்டு போற வழியில ஒரு முல்லை நகர் கீது" என்று சொல்லியிருக்கிறார்கள். தெரியாமல் சொன்னார்களோ, தெரிந்தே சொன்னார்களோ, அந்தக் கர்த்தருக்குத்தான் வெளிச்சம். தமிழ்நாட்டில் எந்த டவுனில்தான் ஒரு முல்லை நகர் இல்லை?

அம்மாவின் போன் அடித்தது. டிரைவர்தான். போன் ஸ்பீக்கரில் இருந்தது, அவன் கத்துவது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "யம்மா, எந்த முல்லை நகரும்மா? லேண்ட்மார்க் சொல்லுங்க."

"ஏரி கீதுப்பா. ஏரிக்கு அந்தாண்ட. பச்ச போர்டு கீது."

"பச்ச போர்டு எதுவும் இல்லம்மா. ஏரிக்கு அந்தாண்டன்னா... அது காலனியாச்சே. காலனியா?"

அம்மா போனைக் கையில் பிடித்தபடி நைனாவைப் பார்த்தாள். இத்தனை வருஷம் அந்த மனுஷனுக்குப் பயந்து வாழ்ந்தவளில்லை அவள், பதிலுக்குப் பதில் பேசுகிறவள்தான். ஆனால் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் மனசு நோக அவள் நடந்ததில்லை. செத்துக்கொண்டிருக்கிறவர் காதில் விழுகிற மாதிரி அதை எப்படிச் சொல்வாள்? வாய் திறந்து திறந்து மூடுகிறாள், சத்தம் வரவில்லை. "யம்மா, லைன்ல கீறீங்களா?" என்று டிரைவர் கத்துகிறான். போனைப் பிடுங்க நான் கையை நீட்டினேன். அதற்குள் நைனா என் தோளிலிருந்து நிமிர்ந்தார். எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ! வலது கையை நீட்டி அம்மா கையிலிருந்து போனை வாங்கினார்.

"ஆமா தம்பி" என்றார். மூச்சு வாங்கியது. "காலனிதான். காலனிக்கு வா."

போனை அம்மாவிடமே கொடுத்துவிட்டுப் பழையபடி என்மேல் சாய்ந்துகொண்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "நைனா, நைனா" என்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. நான் பார்க்கக்கூடாது என்று நினைத்தார் போலிருக்கிறது.

அந்த வார்த்தையைச் சொன்னதும் ஆம்புலன்ஸ் நேராக வந்து வாசலில் நின்றது. யாரையும் வழி கேட்கவில்லை.

செங்கல்பட்டு போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முன்னாடியே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாதம்மா என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எத்தனையோ பேர் கடைசியில் பிள்ளை பேரைச் சொல்கிறார்கள், கர்த்தர் பேரைச் சொல்கிறார்கள், தண்ணீர் கேட்கிறார்கள். என் நைனா அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா இன்றைக்கும் அடுப்படியில் நின்றபடி, யாரிடமும் இல்லாமல், "நானே சொல்லித் தொலச்சிருக்கணும், அவரைச் சொல்ல வெச்சிட்டேனே" என்று முனகுகிறாள். விடும்மா என்று சொன்னால் கேட்பதில்லை.

எறும்புப் பாடம் நடத்திய அன்று சாயங்காலம் அம்மாவைப் பார்க்கப் போனேன். "அப்ப நல்ல வார்த்தையா மிஸ்" என்று கேட்ட பெண்ணுக்கு நான் பதில் சொல்லவில்லை, பெல் அடித்துவிட்டது. அந்தக் கேள்வி பஸ்ஸிலும் கூடவே வந்தது. அதே பஸ், அதே கண்டக்டர். நைனா போனபிறகு அன்றுதான் அவரைப் பார்க்கிறேன். டிக்கெட் கொடுக்க வந்தவர் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார்.

"கேள்விப்பட்டேம்மா. மனசே சரியில்ல" என்றார்.

நான் டிக்கெட்டை வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் நல்ல கூட்டம். மாமல்லபுரத்தில் ஓட்டல் வேலைக்குப் போய்த் திரும்புகிற எங்கள் தெருப் பெண்கள் முன்பக்கம் உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். ஏரிக்கரை தெரிந்ததும் கண்டக்டர் விசில் ஊதினார். என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "முல்லை நகர்லாம் எறங்கு" என்று கத்தினார்.

நைனா இதைக் கேட்பதற்காக எத்தனை வெயிலில் நடந்தார்!

பஸ் நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"முல்லை நகர்! முல்லை நகர் எறங்குங்கம்மா!" கண்டக்டர் மறுபடியும் கத்தினார். முன்பக்கம் உட்கார்ந்திருந்த எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, நைனாவுக்கு விசிறினவள்தான், கண்ணைத் தேய்த்துக்கொண்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணே, புது ஸ்டாப்பா? அது எங்க கீது?" என்றாள்.

கண்டக்டர் என்னைப் பார்த்தார். டிரைவரும் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் எழுந்து அக்காவின் கூடையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"நம்ம காலனிதாங்க்கா" என்றேன். "எறங்கு."